வெயிலை எங்கே நிறுத்துவது?

பங்குனி பிறந்துவிட்டது. இன்னும் சில வாரங்களில் கத்திரி வரும். அதற்குள் இந்த விஷயத்தை எழுதிவிட வேண்டும் என்று நினைத்தேன். யாருக்காவது பயன்படலாம்.

திருவண்ணாமலையில் எங்கள் வீடு ரயில்வே ஸ்டேஷன் பக்கம். படுக்கை அறை மேற்குப் பார்த்தது. ஜன்னலைத் திறந்தால் நேரே மலை. புதுச்சேரி அரசில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றதும், மனைவியின் சொந்த ஊர் என்பதால் இங்கே வந்தோம். பதினான்கு வருஷம் ஆகிறது. இந்த வீட்டை வாங்கும்போது அவள் போட்ட ஒரே நிபந்தனை, படுத்திருந்தாலும் மலை தெரிய வேண்டும் என்பதுதான்.

முந்தின வருஷம் அவள் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை ஆயிற்று. ஆனாலும் பகலில் பெரும்பாலும் படுக்கைதான். மகன் வந்து பார்த்தான். அம்மா படுத்தபடியே மலையைப் பார்க்கட்டும் என்று பழைய மர ஜன்னலைக் கழற்றிவிட்டு, சுவர் அகலத்துக்கு அலுமினியச் சட்டத்தில் கண்ணாடி போட்டுக் கொடுத்தான். வெயிலுக்கு உள்பக்கம் சுருட்டித் தூக்கும் துணித் திரை ஒன்று. ரோலர் பிளைண்ட் என்கிறார்கள். நல்ல மனசோடு செய்த காரியம். குறை சொல்லக் கூடாது.

போன சித்திரையில் உண்மை தெரிந்தது. மத்தியானம் ஒரு மணியிலிருந்து ஐந்து மணிவரை அந்த அறையில் இருக்க முடியவில்லை. திரையை இறக்கினால் மலை போய்விட்டது. சூடு மட்டும் அப்படியே இருந்தது. திரைத் துணியைத் தொட்டுப் பார்த்தேன், இஸ்திரி போட்ட வேட்டி மாதிரி சுட்டது. அவளை வேறு அறைக்கு மாற்றலாம் என்றால், "என்னங்க, எனக்கு இருக்கிறது இந்த ஜன்னல் ஒண்ணுதான். அதையும் மூடிட்டு மூலையில போடப் போறீங்களா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை.

மகனுக்குப் போன் செய்தேன். அன்று இரவே வாட்ஸ்அப்பில் மூன்று படங்கள் வந்தன. தடித்த ரோலர் திரை ஒன்று, அலுமினியப் பட்டைகள் அடுக்கிய வெனிஷியன் பிளைண்ட் ஒன்று, வெளியே மாட்டும் ஷட்டர் கதவு ஒன்று. "அப்பா, மூணுல எதுன்னு சொல்லுங்க, ஆர்டர் போட்டுடறேன்" என்றான். முப்பத்தைந்து வருஷம் கோப்பு எழுதினவனிடம் இப்படிக் கேட்டால் என்ன ஆகும்? முன் நிகழ்வுகளைப் பார்க்காமல் குறிப்பு எழுத எனக்குக் கை வராது. அப்படிப் பார்த்ததில் கிடைத்தவைதான் இவை.

முதலில் பெயர்கள். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்த மொழியில் ஜன்னல் மறைப்புக்கு மட்டும் நாலைந்து சொற்கள் உண்டு. டிக்டேஷனில் தவறு விட்டால் அடி விழும், அதனால் இன்றும் மறக்கவில்லை. பலகைக் கதவுக்கு 'வொலே'. சாய்வான சட்டங்களை அடுக்கிய கதவுக்கு 'பெர்சியென்', அதாவது பாரசீகத்துச் சரக்கு. உள்ளிருப்பவர் வெளியே பார்க்கலாம், வெளியில் இருப்பவர் உள்ளே பார்க்க முடியாது என்ற வகை மறைப்புக்கு 'ழலூஸி'. அந்தச் சொல்லுக்குப் பொறாமை என்றும் பொருள். பெண்களை அடுத்தவர் கண்ணில் படாமல் வைத்த காலத்துச் சொல் அது. சுருட்டித் தூக்கும் திரைக்கு 'ஸ்தோர்'. இது இத்தாலி வழியாக வந்த சொல், அதன் மூலமான லத்தீன் சொல்லுக்குப் பாய் என்று பொருள். ஆக, கடையில் விலை பேசி வாங்கும் இந்த நவநாகரிகத் திரை ஆதியில் ஒரு பாய்தான். பாய்க்குப் பேர்போன வந்தவாசி நம் மாவட்டத்திலேயே இருக்கிறது.

நம் பக்கம் என்ன? ஜன்னல் என்பதே போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்தது. அதற்கு முன் நம்மிடம் காலதர் என்ற சொல் இருந்தது. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. காற்று வரும் வழி. சிலப்பதிகாரத்தில் புகார் நகரத்து மாளிகைகளின் காலதர்களை மானின் கண்ணுக்கு ஒப்பிட்டிருக்கிறது. ஆங்கிலத்து விண்டோ என்ற சொல்லும் 'காற்றின் கண்' என்ற பொருளில் வட ஐரோப்பாவிலிருந்து வந்தது என்பது ஒரு வேடிக்கை. இரண்டு கோடியிலும் மனிதன் ஜன்னலைக் காற்றுக்காகத்தான் வைத்திருக்கிறான். பத்துப்பாட்டில் நெடுநல்வாடை, வேனிற்காலத்தில் தென்றல் வருவதற்கென்று வைத்த ஜன்னலின் இரட்டைக் கதவுகளைக் கூதிர்காலத்தில் தாழிட்டு வைத்திருப்பதைச் சொல்கிறது. பருவம் பார்த்துத் திறப்பதும் மூடுவதும் நமக்குப் புதிதல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி நான் பிறந்த ஊர். இன்று கடற்கரைப் பக்கம் போட்டோ எடுக்க வருகிறவர்கள் பார்க்கும் பிரெஞ்சு வீடுகள் எல்லாம் நம் மாவட்டத்தில் நடந்த ஒரு சண்டைக்குப் பிறகு எழுந்தவை. 1760 ஜனவரி 22-இல் வந்தவாசியில் ஐர் கூட்டின் ஆங்கிலப் படை லாலியின் பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்தது. அடுத்த ஜனவரியில் புதுச்சேரி விழுந்தது. ஆங்கிலேயர் ஊரை இடித்துத் தரைமட்டம் ஆக்கினார்கள். 1763 பாரீஸ் உடன்படிக்கையின்படி 1765-இல் ஊர் திரும்பக் கிடைத்ததும் பிரெஞ்சுக்காரர்கள் மறுபடி கட்டினார்கள்.

அப்படிக் கட்டிய வீடுகளில் உயரமான கூரை, தடித்த சுவர், ஆள் உயரத்துக்கு மேல் ஜன்னல், அதற்கு வெளிப்பக்கம் மரச்சட்டங்கள் சாய்ந்த பெர்சியென் கதவு. சட்டங்கள் வெளிப்பக்கம் தாழ்ந்து சாய்ந்திருக்கும். வெயிலும் மழையும் வெளியே வழிந்துவிடும், காற்று இடுக்கு வழியாக உள்ளே வரும். மத்தியானத்துக்கு மேல் கடல் காற்று எழும் ஊருக்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது.

வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் தமிழர் வீதிகள். அங்கே ஜன்னலை நம்பவே இல்லை. வீதியை ஒட்டித் தாழ்வாரம், பிறகு திண்ணை, பிறகு கதவு, உள்ளே முற்றம். வெயில் சுவரைத் தொடுவதற்குள் தாழ்வாரம் அதைத் தடுத்துவிடும். வெளிச்சமும் காற்றும் முற்றத்தின் வழியாக வரும். வைசியாள் வீதியில் இந்த வீட்டு முகப்புகளை வரிசையாகச் சீர்செய்து வைத்ததற்கு 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபு விருது கிடைத்தது. எங்கள் வீடும் அப்படிப்பட்ட வீதியில்தான் இருந்தது. கோடையில் அம்மா தாழ்வாரத்து விளிம்பில் மூங்கில் தட்டியைக் கட்டித் தொங்கவிடுவாள். தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து முறத்தில் அரிசி புடைத்தபடியே வீதியில் யார் போகிறார்கள், யாருடைய மாப்பிள்ளை வந்திருக்கிறார் என்று சொல்லிக்கொண்டிருப்பாள். வீதியில் போகிறவருக்கு அவள் தெரியமாட்டாள். ழலூஸி என்ற சொல்லைப் பள்ளியில் படித்தபோது எனக்கு அம்மாவின் தட்டிதான் நினைவுக்கு வந்தது.

இரண்டு முறையும் ஒரே வீட்டில் சேர்ந்ததும் உண்டு. கீழே திண்ணையும் மரத்தூணும், மாடியில் பிரெஞ்சு ஜன்னல். துய்ப்ளேயின் துபாஷியாக இருந்து நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் வீட்டிலேயே கீழே மரத்தூண்கள், மேலே பிரெஞ்சு பாணிச் சுண்ணாம்புத் தூண்கள் என்று இந்தக் கலப்பைப் பார்க்கலாம்.

நான் வேலைக்குச் சேர்ந்த அலுவலகமும் ஒரு பழைய பிரெஞ்சுக் கட்டடம். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். அங்கே ஒரு வயதான பியூன் இருந்தார். காலையில் வந்ததும் கிழக்குப் பக்கத்து பெர்சியென்களை மூடிவிட்டு மேற்கைத் திறப்பார். பன்னிரண்டு அடித்தால் மாற்றுவார். அதிகாரி சொன்னாலும் நேரம் தவற மாட்டார். நாங்கள் இளவட்டங்கள் அவரைச் 'சூரிய பகவானின் செயலாளர்' என்று கேலி செய்வோம். அவர் ஓய்வு பெற்ற பிறகு அந்த வேலையைச் செய்ய ஆள் இல்லை. சில வருஷத்தில் கதவுகள் உளுத்துவிட்டன என்று கழற்றிப் போட்டுக் கண்ணாடி மாட்டினார்கள். உள்ளே திரைச்சீலை. அந்தக் கொள்முதல் கோப்பில் குறிப்பு எழுதியவன் நான்தான். 'நவீனமயமாக்கல்' என்று எழுதியதாக நினைவு. அடுத்த கோடையில் எல்லோரும் மேஜையில் ஈரத் துண்டை வைத்துக்கொண்டு வேலை பார்த்தோம். பிறகு அதிகாரி அறைக்கு மட்டும் ஏ.சி. வந்தது.

கண்ணாடிக்கு வெளியே தடுப்பதற்கும் உள்ளே தடுப்பதற்கும் என்ன வித்தியாசம் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. இப்போது இந்த ஜன்னலுக்காகத்தான் யோசித்தேன். வெயில் கண்ணாடி வழியாகச் சுலபமாக உள்ளே வந்துவிடுகிறது. உள்ளே ஒரு பொருளின் மேல் பட்டதும் அந்தப் பொருள் சூடாகிறது. பொருளிலிருந்து கிளம்பும் வெப்பம் வேறு வகை, அதைக் கண்ணாடி வெளியே விடாது. வெயிலில் நிறுத்திய காரின் கதவைத் திறந்தால் முகத்தில் அடிக்கிறதே, அதுதான். உள்ளே தொங்கும் திரையும் வெயில் பட்டுச் சூடாகும் ஒரு பொருள்தான். வெள்ளைத் துணியானால் கொஞ்சம் திருப்பி அனுப்பும். மற்றதெல்லாம் அறைக்குள்ளேயே இறங்கும். அதே திரை கண்ணாடிக்கு வெளியே இருந்தால், சூடாவது வெளியே, அந்தச் சூட்டைக் கொண்டுபோவது வெளிக்காற்று. பெர்சியென், தாழ்வாரம், தட்டி மூன்றும் வெளியே நின்றவை. அவற்றைச் செய்த தச்சருக்கும் கொத்தனாருக்கும் இது பாடமாகத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அனுபவத்தில் தெரிந்தது.

படித்தவர்களும் பிறகு அதே முடிவுக்கு வந்தார்கள். புதுச்சேரியிலேயே கோல்கொண்டா என்ற கட்டடம் இருக்கிறது. ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் விடுதி. ஹைதராபாத் திவானாக இருந்த அக்பர் ஹைதரியின் உதவியால் நிஜாம் அரசின் பணம் கிடைத்ததால் அந்தப் பெயர். 1937-இல் வேலை தொடங்கி உலகப் போர்க் காலத்திலும் நடந்தது. வரைந்தவர் டோக்கியோவில் தொழில் செய்த அந்தோனின் ரேமண்ட். உடன் இருந்தவர்கள் ஜார்ஜ் நாகஷிமாவும் ஃபிரான்டிசெக் சாமரும். அது இந்தியாவின் ஆரம்பகாலக் கான்கிரீட் கட்டடங்களில் ஒன்று. அதற்குக் கண்ணாடி ஜன்னலே கிடையாது. வடக்கு, தெற்கு முகம் முழுவதும் ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் பலகைகள், உள்ளிருந்து திருப்பித் திறக்கலாம், மூடலாம். அறைக் கதவுகளும் காற்றுப் புகும்படி தேக்குச் சட்டங்களால் ஆனவை. கட்டடத்தையே ஒரு பெரிய பெர்சியென்னாகக் கட்டிவிட்டார்கள் என்று சொல்லலாம். பிற்பாடு 1950களில் சண்டிகரில் லெ கார்புசியே உயர் நீதிமன்றத்துக்கும் தலைமைச் செயலகத்துக்கும் வெளியே சிமென்ட் சட்டங்களை நிறுத்தினார். அதற்குப் பெயர் 'பிரிஸ் சொலேய்', வெயிலை உடைப்பது என்று அர்த்தம். அதுவும் வெளியேதான்.

மகன் அனுப்பிய வெனிஷியன் பட்டைக்கும் வயது உண்டு. லண்டனில் எட்வர்ட் பெரன் என்பவர் 1769-இலேயே அதற்குக் காப்புரிமை பெற்றார். மென்மையான வெயிலுக்கு அது போதும். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க நல்ல சாதனம். ஆனால் உள்ளே மாட்டினால் அதுவும் வெயிலை உள்ளே வரவிட்ட பிறகு கதவைச் சாத்துவதுதான்.

அப்படியானால் பெர்சியென் போட்டுவிடலாமே என்று தோன்றும். எனக்கும் முதலில் அதுதான் ஆசை, பிறந்த ஊர்ப் பாசம். ஆசாரி ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "சார், இந்த அகலத்துக்குத் தேக்குல செஞ்சா, ஜன்னல் செலவைப்போல மூணு மடங்கு ஆகும். வேப்ப மரத்துல செஞ்சா நம்ம வெயிலுக்கு முறுக்கிக்கும்" என்றார். பணத்தைத் தவிர இன்னொரு காரணமும் இருந்தது. புதுச்சேரியில் மத்தியானம் வருவது கடல் காற்று. இங்கே சித்திரையில் மேற்கே இருந்து வருவது பாறையில் காய்ந்த அனல். அதை இடுக்கு வழியாக உள்ளே விட்டால் யாருக்கு லாபம்?

நம் ஊர் மாட வீதிகளின் பழைய வீடுகளைப் பாருங்கள். ஜன்னல் சிறியது, சுவர் தடித்தது. ஜன்னலுக்கு நான்கு கதவு. மேலே இரண்டு, கீழே இரண்டு. கீழ்க்கதவை மூடினால் மறைவு, மேல்கதவைத் திறந்தால் வெளிச்சம். அனல் நேரத்தில் நான்கையும் மூடுவார்கள், இருட்டிய பிறகு நான்கையும் திறப்பார்கள். வசதியானவர்கள் வெட்டிவேர்த் தட்டி மாட்டித் தண்ணீர் தெளிப்பார்கள். காய்ந்த காற்று ஈரத்தட்டியில் நுழைந்து குளிர்ந்து வரும். காற்றிலேயே ஈரம் நிறைந்த கடற்கரையில் இது அவ்வளவாக எடுபடாது, நம் ஊரில் எடுபடும். நம் வெட்டிவேரின் பெயரைத்தான் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். நாம்தான் தட்டியை மறந்துவிட்டோம்.

எங்கள் வீட்டில் நான்கு கதவு ஜன்னல் போய்விட்டது. அதைத் திரும்ப வைத்தால் படுக்கையிலிருந்து மலை தெரியாது. ஆக வேண்டியது மூன்று: வெயில் கண்ணாடிக்கு வெளியே நிற்க வேண்டும், மலை தெரிய வேண்டும், எதிர் மாடி வீட்டுக்காரருக்குப் படுத்திருப்பவள் தெரியக் கூடாது. மகன் அனுப்பிய படங்களில் வெளிப்பக்க ஷட்டர் முதல் நிபந்தனையில் தேறியது. இரண்டாவதில் போயிற்று, பலகை அடைத்துவிடும். இப்படி ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தபோது கடைசியில் நின்றது அம்மாவின் தட்டி.

முறம், கூடை பின்னும் ஒரு அம்மாளிடம் சொல்லி, மெல்லிய மூங்கில் சிம்பில் ஜன்னல் அகலத்துக்குத் தட்டி பின்னிக்கொண்டேன். "இப்பல்லாம் யாருங்கய்யா இதைக் கேக்கறாங்க?" என்று சந்தோஷமாகச் செய்து கொடுத்தார். சன்ஷேடின் விளிம்பில் கொக்கி போட்டு, கண்ணாடியிலிருந்து அரை அடி தள்ளித் தொங்கவிட்டோம். அந்த இடைவெளி முக்கியம், சூடு அங்கேயே மேலே போய்விடும். கயிற்றை உள்ளே இழுத்துக் கட்டிக்கொண்டதால் வெளியே போகாமல் ஏற்றி இறக்கலாம்.

முதல் நாள் மத்தியானம் தட்டியை இறக்கிவிட்டு உள்ளே வந்து கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தேன். கை வைக்க முடிந்தது. அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். "மலை கோடு கோடாத் தெரியுதுங்க" என்றாள். உள்ளே இருட்டு, வெளியே வெளிச்சம், அதனால் சிம்புகளுக்கு நடுவே மலை தெரிந்தது. எதிர் மாடியிலிருந்து பார்த்தால் தட்டி மட்டும்தான் தெரியும். மாலை ஐந்து மணிக்கு மேல் சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும். அப்போது தட்டியைச் சுருட்டிவிடுவேன். ஊருக்குக் கிழக்கே குடியிருக்கும் எங்களுக்கு அதற்கு மேல் மலையே மறைப்பு.

குறைகளையும் சொல்ல வேண்டும். மூன்றாம் நாளே ஒரு குரங்கு அதில் ஊஞ்சல் ஆடிவிட்டது. கீழ் விளிம்பில் கட்டை வைத்து இரு பக்கமும் கட்டின பிறகு ஆட்டம் குறைந்தது. மழைக்காலத்தில் சுருட்டி உறை போட வேண்டும். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும். இரவில் விளக்கு போட்டால் கதை தலைகீழ், உள்ளே இருப்பது வெளியே தெரியும். அதற்கு மகன் வாங்கிய ரோலர் திரை உதவுகிறது. அதனால் அவனுக்கும் மனக்குறை இல்லை. பகலுக்குத் தட்டி, இரவுக்குத் துணி.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் வெளியே எதையும் மாட்ட அனுமதி இல்லை என்பார்கள். அவர்கள் உள்திரையாவது வெள்ளையாகப் பார்த்து வாங்கட்டும். சூடு ஏறிய பிறகு மூடாமல், வெயில் அந்தப் பக்கம் திரும்புவதற்கு முன்பே மூடட்டும். எங்கள் பழைய பியூன் செய்தது அதைத்தான். அவரைக் கேலி செய்ததற்கும், அந்தக் கோப்பில் அப்படி எழுதியதற்கும் இப்போது வருத்தப்படுகிறேன்.

கார்த்திகை தீபத்தன்று ஐந்தரை மணிக்கே தட்டியை முழுவதும் சுருட்டிக் கட்டிவிட்டேன். தலையணை இரண்டு வைத்து அவளை நிமிர்த்தி உட்கார வைத்தேன். சரியாக ஆறு மணிக்கு உச்சியில் தீபம் தெரிந்தது. அவள் கை கூப்பினாள். நான் விளக்கை அணைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.